கீமோவும் கஷாயமும்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையோடு சீன மூலிகை எடுப்பவர்களுக்கு

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், பக்கத்து வீட்டுச் சீன அக்கா தனக்குத் தெரிந்த சின்சேயின் (சீன மருத்துவரின்) முகவரியை எழுதிக் கொடுக்க ஒரு வாரம்கூட ஆகாது. அன்போடு கொடுப்பதுதான். போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. போவதென்றால் யாரிடம் போவது, எதைக் கேட்பது, சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் எதைத் தொடக்கூடாது, பொட்டலத்தை எப்படிக் காய்ச்சுவது என்பதை இங்கே பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அறுவை, கீமோ, ரேடியேஷன், ஹார்மோன் மாத்திரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களை அமெரிக்காவில் கணக்கெடுத்து 2018ல் ஓர் ஆய்வு வந்தது. வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் இருந்த மார்பகப் புற்றுநோயாளிகளில், அப்படி விட்டவர்கள் இறக்கும் அபாயம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 5.68 மடங்கு. ஆகவே சீன மூலிகையிடம் கட்டியைக் கரைக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். சோர்வு, குமட்டல், தூக்கமின்மை, திடீர் வெக்கை, மலச்சிக்கல் போன்ற தொல்லைகளைத் தணிப்பதுதான் அதற்குரிய இடம். ‘கீமோவை நிறுத்துங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு சின்சே சொன்னால், மருந்துச் சீட்டைக்கூட வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

யாரிடம் போவது

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். மருந்துக் கடையில் இழுப்பறையைத் திறந்து நிறுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் விற்பனையாளர்தான். நாடி பார்த்துச் சீட்டு எழுதுபவரும் அவரும் ஒன்றல்ல. செலவு ஒரு தடை என்றால், 1867ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் தோங் சாய் மருத்துவ நிலையம் இனம் பார்க்காமல் வைத்தியம் பார்க்கும் தர்ம நிலையம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களின் நிலை வேறு. ஆயுஷ் அமைப்புக்குள் சீன மூலிகை மருத்துவம் இல்லை. மேற்பார்வை செய்யப் பதிவு பெற்ற ஆள் இல்லாத இடத்தில், கூரியரில் வரும் கறுப்பு உருண்டைகளை வாங்கிச் சாப்பிடுவதை எந்த வகையிலும் பரிந்துரைக்க முடியாது. சில உருண்டைகளில், சீட்டில் எழுதாமல் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சோதனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், வலியைக் குறைக்கும், இரண்டே நாளில் தெம்பு வந்தது போலிருக்கும். ‘என்ன மாயமான மருந்து!’ என்று தோன்றுகிறதா? அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும்.

பொட்டலத்தின்மேல் ‘புற்றுநோய் குணமாகும்’ என்று அச்சடித்திருந்தால் அது ஒன்றே போதும், திருப்பி வைத்துவிடலாம். சிங்கப்பூர் மருந்துச் சட்டம் புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களுக்கு அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. இந்தியாவிலும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதையே தடுக்கிறது.

சீட்டை வாங்கும்போது

சின்சே எழுதும் சீட்டு சீன எழுத்தில் இருக்கும். உங்களுக்கும் புரியாது, உங்கள் புற்றுநோய் மருத்துவருக்கும் புரியாமல் போகலாம். அதனால் ஒவ்வொரு சரக்குக்கும் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: சீனப் பெயரின் உச்சரிப்பு, தாவரவியல் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை கிராம். தாவரவியல் பெயர் ஏன்? ‘ஃபாங் ஜி’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு செடிகள் விற்றிருக்கின்றன. அதில் ஒன்று அரிஸ்டோலோகியா குடும்பம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்கு இந்தக் குழப்பத்தால்தான் சிறுநீரகம் செயலிழந்தது. பிறகு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பம் என்பதால், அவையும் வேண்டாம்.

அளவிலும் ஒரு குழி இருக்கிறது. பழைய கடைகளில் கிராம் என்று சொல்லாமல் ‘சியென்’ கணக்கில் சொல்வார்கள். சீனாவின் இன்றைய மருத்துவ நூல்களில் 1 சியென் என்பது 3 கிராம். சிங்கப்பூர், மலேசியப் பழைய தராசுக் கணக்கில் அது ஏறக்குறைய 3.78 கிராம். பத்துச் சரக்கு உள்ள பொட்டலத்தில் இந்த வித்தியாசம் கால் பங்கு கூடுதலாகி நிற்கும். சீட்டில் கிராமிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் வாயைத் திறந்து கேட்கவில்லை என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். ரத்தம் ஊற என்று கொடுக்கும் அ-ஜியாவ் கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. புற்றுநோய்க்கான சீட்டுகளில் தேள், பூரான், மண்புழு, சில்வண்டின் சட்டை எல்லாம் சாதாரணமாக வரும். தேரைச் சுரப்பும் வருவதுண்டு. அது இதயத்தில் டிகாக்ஸின் என்ற இதய மருந்து போலவே வேலை செய்யும் என்பதால் சைவம் அசைவம் பாராமல் எல்லோரும் மறுக்க வேண்டும்.

‘இரண்டு மணி நேரம் விட்டுச் சாப்பிட்டால் போதும்’

மருந்துக் கடைகளில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். பாதிதான் உண்மை. கஷாயமும் மாத்திரையும் வயிற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத்தான் இந்த இடைவெளி தடுக்கும். பெரிய சிக்கல் நடப்பது கல்லீரலில். அங்கே மருந்துகளை மாற்றி வெளியேற்றும் நொதிகளைச் சில மூலிகைகள் வேகப்படுத்தும், சில முடக்கும். அந்த விளைவு நாள்கணக்கில் நீடிக்கும். காலையில் கஷாயம், இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் நொதிக்கு அது தெரியாது.

ஈஸ்ட்ரஜனைத் தடுக்கும் ஹார்மோன் மாத்திரையான டமாக்ஸிஃபென் நல்ல உதாரணம். அந்த மாத்திரை விழுங்கிய உருவத்தில் அவ்வளவாக வேலை செய்வதில்லை. கல்லீரல் அதை எண்டாக்ஸிஃபெனாக மாற்றிய பிறகுதான் முழு பலன். நெதர்லாந்தில் 16 பேரிடம் செய்த ஓர் ஆய்வு 2019ல் வெளியானது. டமாக்ஸிஃபெனோடு மஞ்சளின் குர்குமின் 1,200 மில்லிகிராம், மிளகின் பைப்பரின் 10 மில்லிகிராம் என நாளுக்கு மூன்று வேளை கொடுத்தபோது, ரத்தத்தில் எண்டாக்ஸிஃபென் சுமார் 12 விழுக்காடு குறைந்தது. இந்த மஞ்சள்தான் சீனச் சீட்டில் ‘ஜியாங் ஹுவாங்’ என்று வரும். சாம்பாரில் போடும் அரைக் கரண்டி மஞ்சளைப் பற்றிய பேச்சல்ல இது. மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரையைத் தினமும் விழுங்குவதைப் பற்றியது.

எதிர்ப்பக்கம் வூ வெய் ஸு என்ற சிவப்புப் பழம். தூக்கம் வர என்று கொடுப்பார்கள். மாற்று உறுப்பு பொருத்தியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் வெகுவாக ஏற்றிவிடக் கூடியது. அதே நொதிப் பாதையில்தான் டோசிடாக்ஸெல், பல்போசிக்லிப், ரைபோசிக்லிப் ஆகிய புற்றுநோய் மருந்துகள் எல்லாம் போகின்றன. மருந்து குறைந்தால் நோய்க்குக் கொண்டாட்டம், கூடினால் வெள்ளணுக்கள் காலி.

கட்டம் பார்த்துத் தொடுவது

அறுவைக்கு முன் 2 வாரம் எல்லா மூலிகையையும் நிறுத்திவிடுங்கள். டாங்குய், டான் ஷென், ரென் ஷென், சான் சீ ஆகியவை ரத்தம் உறைவதில் தலையிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் டாங்குய், டான் ஷென் இரண்டையும் அறுவை இல்லாத காலத்திலும் தொடக்கூடாது. கௌஜி என்ற சிவப்பு உலர்பழம் சூப்பில் மிதப்பது அழகுதான், ஆனால் அதுவும் வார்ஃபரினோடு ஒத்துப்போவதில்லை.

கீமோ நடக்கும் மாதங்கள்தான் மிகவும் கவனம் தேவைப்படும் காலம். இந்தக் காலத்தில் கஷாயமே வேண்டாம் என்று உங்கள் மருத்துவர் சொன்னால் வாதாடாதீர்கள். அதற்கு நியாயமான காரணம் உண்டு. பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்தின் அளவைக் கல்லீரல் சோதனையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஊசி போடும் நாளன்று ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி ஏறியிருந்தால் அது கீமோவாலா கஷாயத்தாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஊசி தள்ளிப்போகும், அளவு குறையும்.

முடி கொட்டும்போது பலர் தாங்களாகவே போய் வாங்குவது ஹெ ஷோ வு. கறுப்பு பீன்ஸ் சாற்றில் ஊறவைத்துப் பதப்படுத்தியது கரும்பழுப்பு வில்லையாக இருக்கும். முடியைக் கறுப்பாக்கும் என்று பல நூற்றாண்டுப் பெயர். கல்லீரலைக் கெடுக்கும் மூலிகைகளின் பட்டியலில் முன்வரிசையில் இருப்பதும் இதுதான். பதப்படுத்தாதது இன்னும் மோசம். கீமோ முடிந்த சில வாரங்களில் முடி தானாக முளைக்கத் தொடங்கிவிடும், அதற்காகக் கல்லீரலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

குமட்டலுக்கு இஞ்சி ஒத்துழைக்கும். அமெரிக்காவில் 576 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான குமட்டல் மருந்தோடு நாளுக்கு 0.5 முதல் 1 கிராம் வரை இஞ்சிச் சத்து கொடுத்ததில் கீமோ நாளின் குமட்டல் குறைந்தது. 1.5 கிராமாக ஏற்றியதால் கூடுதல் பலன் இல்லை. ஊசிக்கு 3 நாள் முன்பே தொடங்கினார்கள். மருத்துவமனை கொடுத்த மாத்திரைக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்துத்தான். ரத்தத் தட்டணு குறைந்திருந்தால் மட்டும் கேட்டுக்கொண்டு எடுங்கள். வீட்டில் சுக்குக்குப் பதில் திரிகடுகம் போட்டுவிட வேண்டாம், அதில் மிளகும் திப்பிலியும் உண்டு. இரண்டிலும் பைப்பரின்.

சோர்வுக்கு ஸீ யாங் ஷென் எனும் அமெரிக்க ஜின்செங். நாளுக்கு 2,000 மில்லிகிராம், 8 வாரம் என்று 364 பேரிடம் செய்த ஆய்வு 2013ல் வந்தது. எட்டாவது வாரத்தில் சோர்வு ஓரளவு குறைந்திருந்தது, நான்காவது வாரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆய்வில் தூய வேர்த்தூளைப் பயன்படுத்தினார்கள். ஆல்கஹாலில் இறக்கிய சாற்றில் ஈஸ்ட்ரஜன் தன்மை கூடலாம் என்பதே காரணம். ‘ஜின்செங்’ என்ற பெயரை மட்டும் பார்த்துச் சாற்றுப் புட்டியை வாங்கினால் ஆய்வு சொன்ன பலனை எதிர்பார்க்க முடியாது.

வெள்ளணு மிகக் குறையும் நாள்கள் பொதுவாக ஊசிக்குப் பின் 7 முதல் 14. இந்த நாள்களில் காய்ச்சாத பொடி எதுவும் வேண்டாம். தேனில் குழைத்த சான் சீ தூள், வெறும் வாயில் மெல்லும் வேர், எல்லாவற்றிலும் கிருமியும் பூஞ்சையும் இருக்கும். 38 டிகிரி காய்ச்சல் வந்துவிட்டால் ‘உஷ்ணம் தணிக்கும் கஷாயம்’ காய்ச்சிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ரேடியேஷனில் மூலிகையைவிட களிம்புதான் பிரச்சினை. கதிர் படும் தோலில் மென்தால் தைலம், மூலிகைப் பற்று எதுவும் வேண்டாம்.

ஹார்மோன் மாத்திரை 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு. கஷாயப் பழக்கம் வேரூன்றுவது இந்த நீண்ட காலத்தில்தான். வெக்கையும் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், சின்சே பெரும்பாலும் ‘ஜியா வெய் ஸியாவ் யாவ் ஸான்’ எழுதுவார். அதைப் பிரித்துப் பாருங்கள்: சாய் ஹு, டாங்குய், பாய் ஷாவ், பாய் சு, ஃபு லிங், கன்சாவ், புதினா, இஞ்சி, மு டான் பி, ஸி ஸி. பத்தில் இரண்டு கேள்விக்குரியவை. டாங்குய் ஆய்வுக்கூடத்தில் மார்பகப் புற்றுச் செல்களை வளரத் தூண்டியது. மனிதர்களில் அப்படி நடக்கிறதா என்பதற்குச் சான்று போதாது. ஆனால் ஈஸ்ட்ரஜனைத் தடுக்கவே ஒரு மாத்திரை விழுங்கும்போது, எதிர்த்திசையில் இழுக்கக்கூடிய ஒன்றைத் தினமும் குடிப்பதில் என்ன லாபம்? டாங்குயை எடுத்துவிட்டு எழுதித் தாருங்கள் என்று கேட்கலாம். நல்ல சின்சே முகம் சுளிக்க மாட்டார். வாரம் ஒருநாள் பாக் குட் தே சூப்பில் மிதக்கும் ஒரு துண்டு டாங்குயும் தினசரிக் கஷாயத்தின் 10 கிராமும் ஒன்றல்ல, சூப்புக்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, கன்சாவ். நம் அதிமதுரத்தின் உறவு, கசப்பை அடக்க ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் இருக்கும். தொடர்ந்து குடித்தால் உடலில் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். ரைபோசிக்லிப் எடுப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. அந்த மருந்து இதயத் துடிப்பின் க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியது. குமட்டலுக்கான ஒன்டான்செட்ரானும் அப்படித்தான். பொட்டாசியமும் இறங்கிவிட்டால் மூன்றும் சேர்ந்து துடிப்பு தாறுமாறாகும் பக்கம் தள்ளும். அக்காவின் கஷாயமும் உங்கள் கஷாயமும் ஒரே சீட்டாக இருந்தாலும், அவர் எடுக்கும் மாத்திரை வேறு என்பதை மறந்துவிடாதீர்கள்.

லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு எலும்பு தேயும். அதற்கு பு கு ஸி, யின் யாங் ஹுவோ எழுதுவார்கள். முதலாவது நம் கார்போகரிசி. இரண்டுக்கும் ஈஸ்ட்ரஜன் தன்மை உண்டு, கார்போகரிசிக்குக் கல்லீரல் சேதம் கூடுதல் பெயர். எலும்புக்கு மருத்துவமனை கொடுப்பதையே எடுங்கள். மூட்டு வலிக்கு வேண்டுமானால் மூலிகையை விட்டு ஊசி வைத்தியத்துக்குப் போகலாம். 226 பெண்களிடம் நடத்தி 2018ல் வெளியான ஆய்வில், 12 வார அக்குபங்சர் இந்த மாத்திரைகளால் வரும் மூட்டு வலியைக் குறைத்தது. அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்த கையில் ஊசி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டிராஸ்டுசுமாப், டாக்சோருபிசின் என்ற புற்றுநோய் மருந்துகள் இரண்டும் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. இவற்றை எடுப்பவர்களுக்கு மா ஹுவாங்கும், நாபி இனத்து வேரான ஃபு ஸியும் கூடவே கூடாது.

காய்ச்சுவது

உங்கள் மருத்துவர் சரி என்றபின் பொட்டலம் வீட்டுக்கு வருகிறது. ஒரு பொட்டலம் ஒரு நாளைக்கு. பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டிச் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஹுவாங் சீ நடுவில் மஞ்சள் வட்டம் தெரியும் நீள வில்லை, மென்றால் லேசாக மொச்சை வாடை. கன்சாவ் நுனிநாக்கில் இனிக்கும். டாங்குய் செலரிபோல் மணக்கும், வேண்டாம் என்று சொல்லியும் அந்த மணம் எழுந்தால் கடைக்குத் திரும்புங்கள். ஈரப்பிசுக்கு, வெண்பூஞ்சை, கந்தகப் புகை நெடி இருந்தாலும் அப்படியே.

மண் அல்லது கண்ணாடிப் பாத்திரம் எடுங்கள். இரும்பும் அலுமினியமும் துவர்ப்புச் சத்தோடு வினைபுரியும். சரக்குக்கு மேல் 2 விரல் உயரம் தண்ணீர் ஊற்றி 30 நிமிடம் ஊறட்டும். பெருந்தீயில் கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 30 நிமிடம். வடித்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றி 20 நிமிடம். இரண்டு வடிப்பையும் ஒன்றாகக் கலந்து பிறகு இரு வேளையாகப் பிரியுங்கள். கலக்காவிட்டால் காலையில் கெட்டி, இரவில் வெந்நீர் என்றாகிவிடும். நாட்டுக் கஷாயத்தை எட்டில் ஒன்றாகச் சுண்டவைத்த கை இங்கேயும் சுண்டவைக்கப் பார்க்கும். வேண்டாம். அடிப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி ஒப்பேற்றாமல் கொட்டிவிடுங்கள்.

சீட்டில் சில சரக்குக்குத் தனிக் குறிப்பு இருக்கும். சிப்பி, கனிமம் என்றால் மற்றவைக்கு 30 நிமிடம் முன்பே போட வேண்டும். புதினா போன்ற வாசனைச் சரக்கு கடைசி 5 நிமிடத்தில். பொடி விதைகள் துணியில் முடிந்து. இந்தக் குறிப்புகளைக் கடைக்காரரிடம் தமிழிலோ மலாயிலோ வாசிக்கச் சொல்லிப் பொட்டலத்தின்மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சமானதைக் குளிர்பெட்டியில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். காய்ச்ச ஆள் இல்லை என்றால் வெந்நீரில் கரைக்கும் சத்துக் குருணை கிடைக்கிறது. 1 கிராம் குருணை எத்தனை கிராம் சரக்குக்குச் சமம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், லேபிளைப் படம் எடுத்து வையுங்கள்.

கணக்கு வைப்பது

புதிய மாத்திரை தொடங்கும் வாரத்தில் கஷாயத்தைத் தொடங்காதீர்கள். ஒன்று நிலைபெற்ற பிறகே மற்றொன்று. தொடங்குமுன் ஏஎல்டி, ஏஎஸ்டி, பிலிருபின், கிரியேட்டினின், பொட்டாசியம், முழு ரத்த எண்ணிக்கை பார்த்துவிடுங்கள். 2 முதல் 4 வாரத்தில் மறுபடி. பழைய அறிக்கை இல்லாவிட்டால் புதிய எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒரு தாளில் சரக்கின் பெயர், கிராம், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி எழுதி இரண்டு படி எடுத்து, ஒன்றைச் சின்சேக்கும் ஒன்றைப் புற்றுநோய் மருத்துவருக்கும் கொடுங்கள். மருத்துவர் திட்டுவாரோ என்று மறைப்பவர்கள் நிறைய. ‘கஷாயம் குடிக்கலாமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்தான் வரும். தாளை நீட்டி, ‘இதில் எது என் மருந்தோடு மோதும்?’ என்று கேளுங்கள், மருந்தாளரைக் கூப்பிட்டுப் பார்ப்பார்.

கண் மஞ்சளானால், சிறுநீர் கட்டித் தேநீர் நிறத்தில் போனால், உடம்பெல்லாம் அரித்தால் அன்றே நிறுத்துங்கள். ஈறில் ரத்தம் கசிந்தாலும், நெஞ்சு படபடத்தாலும், கால்கள் வலுவிழந்து வீங்கினாலும் அப்படியே. குடித்த சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போனால் அது நாபி இனத்துச் சரக்கு சரியாக வேகாததன் அடையாளம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பொட்டலத்தின் மிச்சத்தையும் சீட்டையும் குப்பையில் போடாமல் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.